மேலும் என்று எழுதாதவர்

அவர் என்னை முதன்முதலாக அடித்தது ‘மேலும்’ என்ற சொல்லுக்காக.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் டைப் செய்து கொடுக்கும் வேலை பார்த்தேன். போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட், அடையாள அட்டை விண்ணப்பம் எல்லாம் அந்த ஒடுக்கமான கடைக்குள்தான். கடைக்காரரை நானா என்று கூப்பிடுவோம். கடையின் மூலையில் இருந்த மேசையை நானா இந்த அம்மாவுக்கு விட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். தோட்டத்துச் சனங்களுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அந்தக் கடிதத்தை எங்கள் பக்கம் பெட்டிசம் என்போம். அவரைப் பெட்டிசம் மிஸ் என்போம்.

அவர் கையால் எழுதுவார், நான் டைப் செய்வேன். அன்று இரண்டு பந்திகளுக்கு நடுவில் இருந்த ஒரு நீளமான வாக்கியத்தைச் சோம்பலில் விட்டுவிட்டு, ‘மேலும்’ என்று போட்டு அடுத்த பந்தியைத் தொடங்கியிருந்தேன். தாளை வாங்கியவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த மர அடிமட்டம் என் விரல் முட்டிகளில் இறங்கியது.

“இந்தச் சொல் என்ர கடிதத்துக்க வரக்கூடாது. மேலும் மேலும் எண்டு அடுக்கிறதுக்கு இதென்ன விறகுக் கட்டோ?”

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “மிஸ், இது ஸ்கூல் இல்ல. கை ஓங்குற வேல வாணாம்” என்றார் நானா.

“ஸ்கூலெண்டா முழங்காலில விட்டிருப்பன்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மத்தியானம் என் கீபோர்டின் மேல் மீன் வைத்த ஒரு மாலு பணிஸ் இருந்தது. அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். விரல் மூன்று நாள் வீங்கிக் கிடந்தது.

ஒவ்வொரு பந்தியையும் தனித்தனி அரைத் தாளில் எழுதுவது அவர் வழக்கம். எழுதியவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒன்றின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் மட்டும் சத்தமாக வாசிப்பார். கடைசி வரி, முதல் வரி. கடைசி வரி, முதல் வரி. இடையில் இருப்பதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். “நடுப் பந்திக்குள்ள பொய் ஒளியாது பிள்ளை, மூட்டுக்குள்ளதான் ஒளியும்” என்பார். வாசிக்கும்போது எங்காவது தடக்கினால் எதிரில் இருப்பவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

“இதிலயிருந்து அங்க எப்பிடிப் போனனீர்? பறந்தோ?”

அடிபட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். தொடக்கத்தைச் சொல்வார்கள், முடிவைச் சொல்வார்கள், நடுவில் நடந்ததை விழுங்கிவிடுவார்கள். அவருக்கு அந்த நடுதான் வேண்டும். பல் பிடுங்குவதுபோலப் பிடுங்குவார். கணவன் சுடுதண்ணீர் ஊற்றிய ஒரு பெண்ணிடம், கேத்தலை அவன் எந்தக் கையால் தூக்கினான், அப்போது அவள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றி அவர் மேல் வீசினாள். அது அவர் கன்னத்தில் பட்டது. குனிந்து செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்துவிட்டு, “இப்ப சொல்லும்” என்றார். அவள் சொன்னாள்.

ஒருமுறை வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எட்டு ஆண்கள் வந்தார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தகராறு. கணக்கப்பிள்ளைக்கு மண்டை உடைந்துவிட்டது. அவர்களுடைய தலைவர் தானே ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார், திருத்திக் கொடுத்தால் போதும் என்றார். மிஸ் சத்தமாக வாசித்தார்: “கணக்கப்பிள்ளை எங்களைக் கெட்ட வார்த்தைகளால் ஏசினார். மேலும், அவருடைய தலையில் காயம் ஏற்பட்டது.”

கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். “காயம் தானா வந்து அவற்ற தலையில குந்தினதோ?”

“அதெல்லாம் விவரமா வேணாங்க மிஸ். சுருக்கமா இருக்கட்டும்.”

“ஆர் அடிச்சது?”

மற்றவர்கள் தலைவரைப் பார்த்தார்கள்.

“என்னத்தால?”

பின்னால் நின்ற ஒருவன், “தராசுப் படிக்கல்லாலங்க” என்றான். தலைவர் திரும்பி அவன் வாயிலேயே ஒன்று வைத்தார். அவனுடைய அண்ணன் தலைவரின் சட்டையைப் பிடித்தான். ஒரு நிமிடத்துக்குள் கடைக்குள் கைகலப்பாகிவிட்டது. போட்டோ கொப்பி மெஷினின் கண்ணாடிமேல் யாரோ மல்லாந்து விழுந்தார்கள், அது வெடித்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் மிஸ் நாற்காலியில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்: “அவன் சொல்லுறதுதான்டா உங்களைக் காப்பாத்தும், மடையங்களே! கணக்கப்பிள்ளை முதல்ல என்ன செய்தவர்? அதைச் சொல்லுங்கோ!”

அவர்கள் சொல்லவில்லை, கடிதமும் இல்லாமல் போனார்கள். பிறகு நடந்ததை நானாதான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். முதலில் கணக்கப்பிள்ளை ஒரு கிழவரைத் தராசோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறார். இவர்கள் அதைச் சொல்லாததால், எட்டுப் பேரும் முன்கூட்டியே திட்டமிட்டுத் தாக்கினார்கள் என்று மறுதரப்பு எழுதிக்கொண்டது.

“நாங்கள் வெறுமையா விடுற இடத்தை மற்றவன் வந்து நிரப்புவான்” என்றார் மிஸ். “தனக்கு ஏத்த மாதிரித்தான் நிரப்புவான்.”

இதை அவர் அடிக்கடி சொல்வார். அன்று மட்டும் அதற்கு மேலும் கொஞ்சம் சொன்னார். யுத்த காலத்தில் அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்து வாக்குமூலம் வாங்கினார்களாம். எந்தெந்த நாளில் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு அவன் இரண்டு நாளை மட்டும் சொல்லாமல் விட்டான். அந்த இரண்டு நாளும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தான். அவள் பெயர் வெளியே வரக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டான். அந்த இரண்டு நாளை அவர்களே எழுதிக்கொண்டார்கள். எட்டு வருசம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன் அதன்பின் வீட்டில் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சொல்லி முடித்ததும், “ஏன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்? டைப் பண்ணும்” என்று அதட்டினார்.

இப்படிப்பட்ட ஒருவரை நேசிப்பது கடினம். நான் பயந்தேன், சில நாள் வெறுத்தேன். செல்வராணி வந்த அன்று வெறுத்தேன்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். வலது கை விரல் நுனியிலிருந்து முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. கூடவே மகள் தர்ஷினி, பதினொரு வயது. பொலிசில் இதைப் புருசன் பெண்சாதி சண்டை என்று பதிந்து, இரண்டு பேருக்கும் புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேலே உள்ள பெரிய பொலிஸ் அதிகாரிக்கு ஒரு பெட்டிசம் வேண்டும்.

“ஞாயித்துக்கெழம மத்தியானம் குடிச்சிட்டு வந்தாருங்க. சோத்துப் பானைய எட்டி ஒதச்சாரு. அப்புறம் என் கைய அம்மியில வச்சு, கவ்வாத்துக் கத்தியோட மட்டப் பக்கத்தால அடிச்சாருங்க. வெரலு நொறுங்கிப் போச்சு.”

மிஸ் இரண்டு தாளில் எழுதினார். கடைசி வரியை வாசித்தார், முதல் வரியை வாசித்தார்.

“கத்தி எங்கால வந்தது?”

செல்வராணி மகளைப் பார்த்தாள்.

“தேயிலை வெட்டுற கத்தி. ஞாயிற்றுக்கிழமை குடிச்சுப்போட்டு வாறவர் அதைக் கையில கொண்டு வந்தவரோ?”

“வீட்டுலதாங்க இருந்துச்சு. கூரையில சொருகி வச்சிருப்போம்.”

“ஆர் எடுத்தது?”

“ஞாபகம் இல்லீங்க.”

“ஞாபகம் இருக்கு. ஆர் எடுத்தது?”

ஒரு மணித்தியாலம் அந்த ஒரே கேள்விதான். செல்வராணி எழுந்து போகப் பார்த்தாள். மிஸ் அவளுடைய நல்ல கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவள் அழுதாள், ஏசினாள், மேசையில் தலையை முட்டிக்கொண்டாள். எனக்கு எழுந்துபோய் மிஸ்ஸை அறைய வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் பேசியது தர்ஷினி. “அம்மாதான் எடுத்தாங்க. அப்பா என் சடையப் புடிச்சுத் தூக்கிக்கிட்டு அடுப்புக்கிட்ட போனாரு. மூஞ்சிய வச்சுத் தேச்சிருவேன்னு சொன்னாரு. அம்மா கத்திய எடுத்து அப்பா கையில வெட்டுனாங்க. அப்பறந்தான் என்னைய விட்டாரு.”

செல்வராணி மகளின் கன்னத்தில் இடது கையால் ஓங்கி அறைந்தாள். பிறகு அவளையே கட்டிக்கொண்டு ஓலமிட்டாள்.

மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பந்திகளுக்கும் நடுவில் அவர் வைத்த பந்தி இன்றும் எனக்கு மனப்பாடம். ‘பானையை உதைத்தவர், தடுக்க வந்த என் மகளின் சடையைப் பிடித்துத் தூக்கி, எரிகிற அடுப்பில் அவள் முகத்தை வைக்கப் போனார். அதனால் நான் கூரையில் இருந்த கத்தியை எடுத்து அவருடைய கையில் வெட்டினேன். அதனால் அவர் மகளை விட்டார். விட்ட கையால் கத்தியைப் பறித்தார்.’

வாசித்துப் பார்த்தார். எங்கும் தடக்கவில்லை. “இனி இதை ஆராலும் பிரிக்கேலாது” என்றார்.

நான் டைப் செய்து கொடுத்ததையும் சரிபார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிப் பதிவுத் தபாலில் போடச் சொல்லிவிட்டு, வேறொருவரைப் பார்க்கத் தலவாக்கலை பஸ் ஏறிவிட்டார்.

அவர் போனதும் செல்வராணி என் பக்கத்தில் வந்தாள்.

“தங்கச்சி, நான் வெட்டுனேன்னு நானே எழுதிக் குடுத்தா என்னையத் தூக்கி உள்ள போட்டுருவாங்க. இந்தப் புள்ள அந்தாளு கையில மாட்டிக்கிரும். அத மட்டும் எடுத்துரு தங்கச்சி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

“மிஸ் ஏசுவாங்கக்கா.”

அந்தக் கட்டுப்போட்ட கையோடு என் காலில் விழப் பார்த்தாள். நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எனக்கும் தெரியும். மிஸ்ஸுக்கு இது வெறும் எழுத்து, இவளுக்கு உயிர் என்று நினைத்தேன். அந்த நாலு வாக்கியங்களையும் அழித்தேன். திரையில் இரண்டு பந்திகளுக்கு நடுவே வெள்ளையாக ஓர் இடம் கிடந்தது. அங்கே என்ன போடுவது என்று தெரியாமல், ‘மேலும்’ என்று அடித்தேன்.

பழைய பிரதியைக் கிழித்துவிட்டுப் புதியதில் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெரிய அதிகாரியின் அலுவலகத்தில் விசாரணை. செல்வராணி என்னையும் வரச் சொன்னாள். எனக்கும் கடையில் இருக்க முடியவில்லை. தர்ஷினியை வெளியே வாங்கில் உட்காரவைத்துவிட்டு மிஸ்ஸோடு உள்ளே போனோம். அதிகாரி சிங்களவர். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன். செல்வராணியின் கணவன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மிஸ்ஸிடம் பெட்டிசத்தைக் கொடுத்து, சிங்களத்தில் சொல்லும்படி அதிகாரி கேட்டார்.

மிஸ் கண்ணாடியைப் போட்டார். முதல் பந்தியைச் சொன்னார். பானையை உதைத்ததைச் சொன்னார். நின்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஒரு மூச்சு நேரம்தான் நின்றிருப்பார். பிறகு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், வாசிக்கிறவர் போலவே தொடர்ந்தார். சடை, அடுப்பு, கூரை, கத்தி, அதனால், அதனால். எனக்குச் சிங்களம் தெரியும். அந்த நாலு வாக்கியத்தில் ஒரு சொல் குறையவில்லை.

பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சார்ஜன், “மிஸ், நீங்க சொல்றது இதுல இல்லையே” என்றார்.

அதிகாரி தாளை வாங்கிக்கொண்டார். அதுவரை வாயைத் திறக்காத கணவன் சட்டைக் கையை மெதுவாக மடித்தான். முழங்கைக்குக் கீழே கம்பளிப்பூச்சி ஊர்வதுபோலத் தையல் தழும்பு.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க சேர். என் கைய வெட்டிப்புட்டு அவளேதான் மறச்சிருக்கா. இந்தம்மா இப்ப அவளுக்காகக் கத கட்டுறாங்க.”

இந்த இடத்தை எழுத்தில் விட்டது யார் என்று அதிகாரி கேட்டார். செல்வராணி என்னைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொல்லியிருக்க வேண்டும். சார்ஜனின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். முதலில் சிங்களத்தில் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே தமிழிலும் சொன்னார். “என்ர பிழை. நகல் எடுக்கேக்க நான்தான் விட்டிட்டன்.”

விட்டதா, இப்போது சேர்த்ததா என்று கேட்டு அதிகாரி சிரித்தார். மகளைக் காப்பாற்ற வெட்டியவள் அதை ஏன் ஒளிக்கப் போகிறாள் என்றார். தர்ஷினியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மிஸ் மூன்று முறை சொன்னார். தாய் சொல்லிக் கொடுத்ததைத்தான் பிள்ளை சொல்லும் என்று விட்டுவிட்டார்கள். கத்தியால் காயப்படுத்தியதற்காகச் செல்வராணியை அன்றே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினான்கு நாள் ரிமாண்ட். விரலை நொறுக்கியதற்காகக் கூடவே கொண்டுபோன கணவன் பிணையில் வந்து, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெளியே நல்ல மழை. வீதிக்கு வந்ததும் மிஸ் குடையைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். மறு கன்னத்திலும் அறைந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது.

“ஏன் செய்தனீர்?”

“அவங்க அழுதாங்க மிஸ்.”

“நான் உம்மை அழவேண்டாம் எண்டே சொன்னனான்? அவளோட சேர்ந்து இருந்து அழுதிருக்கலாமே! ‘அதனால்’ எண்ட சொல்லுத்தானே அவளுக்கு இருந்த ஒரே காவல். அதை எடுத்துப்போட்டு என்னத்தை வைச்சனீர்!”

நான் மூக்கைத் துடைத்தேன்.

“இப்ப திரும்ப உள்ளுக்கு வந்து, நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லுவீரோ?”

வேலை போய்விடும், என்னையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அம்மா என்ன செய்வார் என்றெல்லாம் ஓடியது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குனிந்து குடையை எடுத்து விரித்து, என்னையும் அதற்குள் கூட்டிக்கொண்டு நடந்தார். 

அந்தப் பதினான்கு நாளும் அவர் ஓடின ஓட்டத்தைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தரணி வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பொறுப்பான அதிகாரியின் அலுவலகம். எல்லாவற்றையும் கையாலேயே எழுதினார், என்னிடம் ஒரு தாள் தரவில்லை. ஆனால் இவர் எழுத்து என்றாலே சோடிப்பு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு இடத்தில் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, கணவன் தர்ஷினியை அடித்தான். தேத்தண்ணீரில் சீனி இல்லையாம். இடது பக்கக் காதோடு சேர்த்து விழுந்த ஒரே அறை. காதிலிருந்து ரத்தம் வந்து, சீழ் வந்து, அந்தக் காது அத்தோடு போய்விட்டது.

அதன்பிறகு எல்லாரும் நம்பினார்கள். அவனைப் பிடித்தார்கள். செல்வராணியின் வழக்கு இழுபட்டு இழுபட்டு ஒன்றுமில்லாமல் போயிற்று. அவன் உள்ளே இருந்துவிட்டு வந்து, கொழும்புப் பக்கம் போய் வேறொருத்தியோடு தங்கிவிட்டான். செல்வராணியின் விரல்கள் மடங்கவேயில்லை. கொழுந்து எடுக்க முடியாதவளுக்கும் பிள்ளைக்கும் சோறு போட்டது கொழும்பில் ஹோட்டல் வேலை பார்த்த அவளுடைய தம்பி.

அந்தத் தம்பி, அக்காவுக்கு நேர்ந்ததைக் கேட்டு ஊருக்கு வந்தபோது, பெட்டிசம் எழுதினவள் ஒரு வரியை விட்டதால்தான் இவ்வளவும் என்று தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவன் செல்வராணியையும் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்தான். காலை ஒன்பது மணி. மிஸ் பஸ் நிலையத்தைக் கடந்து கடைக்கு வந்துகொண்டிருந்தார். நான் கடை வாசலில் நின்றேன்.

“நீதானடி பெட்டிசம் எழுதுறவ?” என்று கேட்டான். அவர் ஓம் என்று தலையாட்டினார். முகத்தின் நடுவில் குத்தினான். கண்ணாடி உடைந்து, அவர் பின்னால் சரிந்து, வடிகால் கொங்கிறீட்டில் வாய் அடிபட விழுந்தார். விழுந்தவரை இடுப்பில் உதைத்தான். “புள்ள காதக் கெடுத்துட்டியேடி” என்று கத்திக் கத்தி உதைத்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். செல்வராணி பத்தடி தூரத்தில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் கண்கள் ஒருமுறை சந்தித்தன. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நானாதான் ஓடிப்போய் அவனைத் தள்ளிவிட்டார். பொலிஸ்காரர் ஒருவர் வந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

“யார் அடிச்சது?” என்று கேட்டார் பொலிஸ்காரர்.

மிஸ்ஸுக்கு முன்பற்கள் மூன்று போயிருந்தன. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நடந்து வந்தனான். விழுந்திட்டன்.”

“சும்மா விழுந்தா இப்பிடி ஆகுமா?”

“விழுந்திட்டன்.”

அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் செல்வராணிக்கும் பிள்ளைக்கும் சோறு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது திரீவீலரில் நான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன். “மிஸ், நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்” என்றேன்.

“சொல்ல வேணுமெண்டா சொல்லும். என்னைக் கேளாதையும்.”

நான் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் அவர் இரண்டு பைகளோடு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார். நானா போய் ஏற்றிவிட்டு வந்தார். சில வருடங்கள் கழித்து, நெஞ்சு நோ வந்து செத்துப்போனாராம் என்றும் நானாதான் வந்து சொன்னார்.

போன வருடம் தர்ஷினி என் கடைக்கு வந்தாள். நான் இப்போது சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறேன். முன்பள்ளி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் எழுத வந்திருந்தாள். அவள் பேரைச் சொன்னதும்தான் எனக்கு ஆளைத் தெரிந்தது. காதைப் பற்றி எழுத வேண்டுமே என்று அவளாகவே விவரம் சொன்னாள்.

“சின்னதுல அப்பா அடிச்சதுக்கா. அம்மா கேஸுல பெட்டிசம் எழுதுனவங்க ஒரு வரிய விட்டுட்டாங்களாம். அதுனாலதான் அம்மா உள்ள போனாங்க.”

நான் திரையைப் பார்த்தபடியே, அந்த வரியை எடுத்தது யார் என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள்.

“இந்தப் பக்கம் கேக்காதுக்கா. என்னமோ சொன்னீங்களே?”

எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து மறுபடியும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் வேலை விளம்பரத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, “மாமா இன்னமும் சொல்லுவாருக்கா” என்றாள். “தீவாளிக்கு வந்து குடிச்சா இந்தக் கததான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல வச்சு அவ பல்ல ஒடச்சேன்னு. நாங்கெல்லாம் சிரிப்போம்.”

விண்ணப்பத்தை விட்டுவிட்டு, நான் சொன்னதை எழுதித் தரச் சொன்னாள். கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அந்த மாமா வந்தார். மத்தியான நேரம், கடையில் வேறு ஆள் இல்லை. தலை நரைத்து, தொந்தி விழுந்திருந்தது. வந்தவர் கதவைச் சாத்தினார். நான் எழுதிய தாளை மேசையில் வைத்தார். நான் எழுந்து நின்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். ஓடத் தோன்றவில்லை. கையை ஓங்கினார். அது பிரிண்டரின் மேல் இறங்கியது. மூடி இரண்டாகப் பிளந்தது. மறுபடியும் இறங்கியது. அவருடைய கை கிழிந்து ரத்தம் வந்தபிறகு நிறுத்தினார்.

வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“அவங்க பேரு என்ன?”

“எல்லாரும் பெட்டிசம் மிஸ்னுதான்…”

“அது தெரியும். பேரு. அவங்களுக்குன்னு ஒரு பேரு இருந்திருக்கும்ல?”

சொன்னேன். யாழ்ப்பாணத்து நீளமான பெயர். அவருக்கு வாயில் வரவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல, அவரே ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தார்.